கொட்டிலுக்குப் பக்கத்தில் பெரிய மரம்: யாழ்ப்பாணத்து வளவுக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஒரு வளவுக்குள் வீட்டைத் தவிர மாட்டுக்கொட்டில், விறகுக் கொட்டில், வெங்காயம் கட்டித் தூக்கும் கொட்டில், கிணற்றடியில் மோட்டார் அறை, அடிவளவில் மலசலகூடம் என்று நாலைந்து சிறு கட்டடங்களாவது இருக்கும். அவற்றுக்கு மேலே பாட்டன் காலத்து மாவோ வேம்போ புளியோ நிழல் விரித்து நிற்கும். மாரி நெருங்கும்போது இந்த மரங்களை வைத்திருக்கலாமா என்ற கேள்வி எழுகிறது. கீழுள்ள மறுமொழிகள் பெரும்பாலும் மரத்தின் பக்கமே நிற்கின்றன என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

கொட்டிலுக்கு மேலே மரம் கவிந்து நிற்கிறது. தறித்துவிடுவதுதானே பாதுகாப்பு?

தறிப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, கொட்டிலை அப்பால் நகர்த்த முடியுமா என்பதே. தகரமோ கிடுகோ வேய்ந்து நாலு தூணில் நிற்கும் மாட்டுக்கொட்டிலை ஒரு கிழமைக்குள் பிரித்து இருபது அடி தள்ளிக் கட்டிவிடலாம். அறுபது வருடம் நின்ற மாமரத்தை எவராலும் தள்ளி நட முடியாது. ஆனாலும் பலரின் மனம் முதலில் கோடாலியிடமே போகிறது. இரண்டாவது கேள்வி, ஆபத்து முழு மரத்திலா, அல்லது ஒரு கொப்பிலா என்பது. நாம் பார்த்த அளவில், கொட்டிலுக்கு மேலே நீண்டுபோன ஒன்றிரண்டு கொப்புகளை முறையாக எடுத்தாலே பல இடங்களில் பயம் நீங்கிவிடுகிறது. அடிமரம் உக்கி, வேர் விட்டுப்போய், விழும் திசையில் ஆட்களோ மாடுகளோ தங்கும் இடம் இருந்து, அந்த இடத்தை மாற்றவும் வழியில்லை என்றால் மாத்திரம் தறிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எந்தப் பக்கம் நிற்கும் மரத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்?

குடாநாட்டின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையில் வடகீழ்ப் பருவக்காற்றோடு பெய்கிறது. வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்களும் புயல்களும் வருவது இதே காலத்தில்தான். மண் ஊறி இளகியிருக்கும் வேளையில் வாடைக்காற்றும் சேர்ந்து அடிக்கும்போதே மரங்கள் வேரோடு சாய்கின்றன. ஆகவே கொட்டிலுக்கு வடக்கிலும் கிழக்கிலும் நிற்கும் மரங்களை முதலில் பாருங்கள். அவை தென்மேற்காகச் சாயும்போது கொட்டில் அவற்றின் பாதையில் இருக்கிறது. வைகாசி முதல் தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகமும் பலமான காற்றுத்தான். ஆனால் அப்போது மண் காய்ந்து இறுகியிருப்பதால் மரம் வேரோடு விழுவது குறைவு. கொப்பு முறிவதே கூடுதல். தென்மேற்குப் பக்கம் நிற்கும் மரங்களில் காய்ந்த கொப்புகளைச் சித்திரைக்குள் எடுத்துவிட்டால் போதும்.

இந்த விதி சாதாரண வருடங்களுக்கு உரியது. புயல் நமக்கு வடக்கே கடந்தால் காற்று மேற்கிலும் தெற்கிலும் இருந்து அடிக்கக்கூடும். 1964 மார்கழியில் மன்னாரையும் குடாநாட்டையும் தாக்கி, அக்கரையில் தனுஷ்கோடியை அழித்த புயலை மூத்தவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 2008 கார்த்திகையில் வந்த நிஷா புயலின்போது காற்றைவிட மழையே பெருங்கேட்டைச் செய்தது. நாட்கணக்கில் நீர் தேங்கி நின்ற வளவுகளில், காற்று ஓய்ந்த பின்னரும் மரம் சாயலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

எந்த மரங்கள் எளிதில் விழும், எவை நின்று பிடிக்கும்?

புளியும் இலுப்பையும் உறுதியான மரங்கள். அடியில் உக்கல் இல்லாத புளியை, அது பெரிதாக இருக்கிறது என்ற காரணத்துக்காக மாத்திரம் எவரும் தறிக்கத் தேவையில்லை. வேம்பும் நம்பத்தக்கதே. ஆனால் அதன் அடிமரம் தாழ்வாகவே இரண்டாகப் பிரிந்து, கவரின் நடுவே பட்டை உட்புறமாக மடிந்திருந்தால், அந்தக் கவர் ஒருநாள் கிழிந்து ஒரு பாதி கொட்டிலின் மேல் விழக்கூடும். மாமரத்தின் அடி பொதுவாகப் பலமானது. எனினும் இலையடர்த்தி மிகுதியாக இருப்பதால் முழுக்காற்றையும் தாங்கி நிற்கும். நீண்ட கிடைக்கொப்பு மழைநீரின் பாரத்தோடு முறியும். பலா நீர் தேங்குவதைத் தாங்காது. இரண்டு மூன்று மாரியில் வேரடியில் வெள்ளம் நின்றிருந்தால், மேலே பச்சையாகத் தெரிந்தாலும் கீழே வேர் அழுகியிருக்கலாம்.

விரைவாக வளரும் மரங்களே கவலைக்குரியவை. வாகை சில வருடங்களிலேயே கூரையைத் தாண்டி விரிந்து, பெருங்கொப்புகளைத் திடீரென உதிர்க்கும். முள்முருக்கும் முருங்கையும் மெதுமரங்கள். வேலிக்கும் ஆட்டுக் குழைக்கும் இவை நல்லவை. ஆனால் அஸ்பெஸ்டாஸ் சீற் போட்ட கூரைக்கு மேல் உயர விடக்கூடாதவை. பூவரசை அவ்வப்போது வெட்டிப் பதிவாக வைத்திருந்தால் தொல்லை தராது.

வேர் அத்திவாரத்தை உடைத்துவிடாதா?

வலிகாமத்தின் செம்மண் பல இடங்களில் ஆழமில்லாதது. சில அடி தோண்டினாலே சுண்ணாம்புக்கல் வந்துவிடும். அதனால் இங்கு வளரும் மரம் கல்லின் வெடிப்புக்குள் சில வேர்களை இறக்கிவிட்டு, மிகுதியைத் தட்டுப்போல மேற்பரப்பிலேயே பரப்புகிறது. கொப்பு நிழல் விழும் எல்லையையும் தாண்டி வேர் ஓடியிருப்பது வழமையானது. எனினும் களிமண் நிலங்களைப் போல நமது செம்மண் கோடையில் பெரிதாகச் சுருங்கி மாரியில் வீங்குவதில்லை. வேர் நீரை உறிஞ்சுவதால் கட்டடம் தாழும் என்ற அச்சம் இங்கு பெரும்பாலும் பொருந்தாது.

இங்கே நடப்பது வேறு. அடிமரத்துக்கு மிக நெருக்கமாகக் கட்டிய சுவரை, பருத்துக்கொண்டே வரும் வேர் கீழிருந்து தூக்குகிறது. கல்லடுக்கி மண்ணாலோ சுண்ணாம்பாலோ பூசிய பழைய அத்திவாரமும், சீமெந்து மெழுகிய மாட்டுக்கொட்டில் தரையும் இதற்கு முதலில் இரையாகின்றன. அதேபோல, மலசலகூடக் குழியிலும் கழிவு வாய்க்காலிலும் ஏற்கனவே ஒரு கசிவு இருந்தால் வேர் அந்த ஈரத்தைத் தேடி நுழையும். வெடிப்பில்லாத குழாயை வேர் தானாகத் துளைப்பதில்லை. ஆகவே வாய்க்காலில் வேர் வந்துவிட்டது என்று மரத்தைக் குற்றஞ்சாட்டுமுன் வாய்க்காலைச் செப்பனிடுவதே முறை.

சுவர்ப் பக்கம் வரும் வேரை வெட்டலாமா?

ஒரு கயிற்றால் அடிமரத்தை நெஞ்சளவு உயரத்தில் சுற்றி அளவுங்கள். சுற்றளவை மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ விட்டம் கிடைக்கும். ஆறடிச் சுற்றளவுள்ள வேம்புக்கு விட்டம் இரண்டடி. விட்டத்தின் மூன்று மடங்குக்குள், அதாவது ஆறடிக்குள், பருத்த வேர் எதையும் தொடவே கூடாது. மரத்தை நிறுத்தி வைத்திருப்பவை அவையே. அதற்கு வெளியே இருபத்துநாலடி வரையிலும் கவனம் வேண்டும். தண்ணீர்க் குழாய் புதைக்கவோ மதிலுக்கு வெட்டவோ இந்த எல்லைக்குள் அலவாங்கு போடுகிறவர்கள், அடுத்த மாரியில் மரம் ஏன் சாய்ந்தது என்று வியப்படைவதுண்டு. மதில் கட்டியே தீரவேண்டுமெனில், வேர் இருக்கும் இடத்தில் தொடர் அத்திவாரத்தை விட்டுத் தூண் நிறுத்தி, வேருக்கு மேலாக வளையை ஓட்டுவது நல்லது.

மரம் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதை நாமே எப்படிப் பார்ப்பது?

ஆவணி, புரட்டாசியில் ஒரு காலை நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். முதலில் மரத்திலிருந்து விலகி நின்று முழு உருவத்தையும் நாலு பக்கமும் பாருங்கள். பல வருடமாகச் சாய்ந்தே வளர்ந்து, நுனி மேல்நோக்கித் திரும்பிய மரம் அந்தச் சாய்வுக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டுள்ளது. நேற்றுவரை நேராக நின்று இன்று சாய்ந்திருப்பதுதான் ஆபத்து. சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் மண் வெடித்து மேலெழும்பியிருந்தால் அதன் கீழே ஒரு பிள்ளையும் விளையாடக் கூடாது, ஒரு மாடும் கட்டப்படக் கூடாது.

பின்னர் அடியில் குந்தியிருந்து சருகை விலக்கிப் பாருங்கள். வேர் தொடங்கும் இடத்தில் தட்டுத்தட்டாகக் காளான் முளைத்திருந்தால் உள்ளே உக்கல் நடக்கிறது என்று பொருள். ஒரு மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல இடத்தில் கட்டையான ஓசையும், பொந்துள்ள இடத்தில் வெற்றுக்குடத்து ஓசையும் கேட்கும். பொந்து இருப்பதாலேயே மரம் விழப்போகிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. சுற்றிவர உள்ள நல்ல மரச் சுவரின் தடிப்பு, மரத்தின் ஆரையில் மூன்றிலொரு பங்காவது இருந்தால் அது பெரும்பாலும் காற்றைத் தாங்கும். இரண்டடி விட்டமுள்ள மரத்துக்கு நாலங்குலத் தடிப்பு. பொந்தின் வாய் ஒரு பக்கம் அகன்று திறந்திருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. பட்டைமேல் கறையான் மண் ஏறியிருப்பதைக் கண்டவுடன் பலர் பதறுகிறார்கள். அலவாங்கு நுனியால் மெதுவாகக் கிளறி, உள்ளே மரம் வெளிறிக் கடினமாக இருந்தால் கறையான் செத்த பட்டையை மட்டுமே தின்கிறது. நுனி உள்ளே புதைந்து ஈரத்தூள் வந்தால் மரவேலை தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்ட வேண்டும்.

மாமர நிழலில் மாடு கட்டலாமா?

கட்டலாம். கோடை வெயிலில் தகரத்தின் கீழ் நிற்கும் பசுவுக்கும் மரநிழலில் நிற்கும் பசுவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பால் கறப்பவர்கள் அறிவார்கள். ஆனால் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் கட்டும்போது குளம்பு மிதித்து மண் கல்லாகிறது. மூத்திரமும் சாணமும் ஊறி வேர் மூச்சடைத்துச் சாகிறது. அந்தப் பக்கத்துக் கொப்புகள் முதலில் மெலியும், பிறகு நுனியிலிருந்து காயும். கயிற்றை அடிமரத்திலேயே கட்டினால் அது உரசிப் பட்டையை வளையமாக அறுத்துவிடும். ஆடுகள் நேரடியாகவே பட்டையை உரித்துத் தின்னும். முளை அடித்து, அடிமரத்திலிருந்து பத்தடியாவது தள்ளிக் கட்டுங்கள். முளையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். மிதிபட்ட இடத்தை மண்வெட்டியால் கொத்தாமல், சருகும் உக்கிய எருவும் அரையடி தடிப்புக்குப் பரப்பிவிடுங்கள். ஒரு மாரி கழிந்த பின் மண்புழு மீண்டும் வந்திருப்பதைக் காணலாம்.

கொப்பு வெட்ட ஏற்ற காலம் எது?

மாமரத்துக்குக் காய் பறித்து முடிந்தவுடன், ஆனி ஆடியில். கறுத்தக்கொழும்பான் மாமரத்தைக் கார்த்திகையில் வெட்டிவிட்டு அடுத்த வருடம் பூக்கவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. ஏனைய மரங்களைப் புரட்டாசிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். காகமோ கொக்கோ கூடு கட்டிக் குஞ்சு வைத்திருந்தால் குஞ்சு பறக்கும்வரை பொறுப்பது நம் கடமை. காய்ந்த கொப்பை மட்டும் எந்த மாதத்திலும் எடுக்கலாம்.

எப்படி வெட்டுவது?

பாரமான கொப்பை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், அது பாதி வழியில் முறிந்து அடிமரத்தின் பட்டையையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும். அந்தக் காயத்தின் வழியாகத்தான் உக்கல் உள்ளே போகிறது. மூன்று வெட்டாக எடுக்க வேண்டும். கொப்பு தொடங்கும் இடத்திலிருந்து ஓரடி தள்ளி, கீழ்ப்பக்கமாக மூன்றிலொரு பங்கு அறுப்பது முதல் வெட்டு. அதிலிருந்து இன்னும் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கொப்பை வீழ்த்துவது இரண்டாவது. மிஞ்சிய கட்டையை அகற்றுவது மூன்றாவது. இந்த மூன்றாவது வெட்டில்தான் வெட்டுபவரின் கை தெரியும். கொப்பு அடிமரத்தோடு சேரும் இடத்தில் பட்டை மடிந்து ஒரு வளையம்போலத் தடித்திருக்கும். வெட்டு அந்த வளையத்துக்குச் சற்று வெளியே இருக்க வேண்டும். வளையத்தை அறுத்தால் காயம் மூடாது; கட்டையை நீளமாக விட்டால் அது உக்கி உள்ளே இறங்கும். தாரோ பெயின்றோ பூசத் தேவையில்லை, மரம் தானே மூடிக்கொள்ளும். ஒரே வருடத்தில் மொத்த இலைப்பரப்பின் காற்பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். கூரைக்கும் கொப்புக்கும் இடையில் ஆறேழடி இடைவெளி இருந்தால் எலியும் அணிலும் மரநாயும் கூரைக்குள் இறங்குவது பெரிதும் குறையும்.

மரத்தை மொட்டையடித்துவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும் அல்லவா?

தீராது. மொட்டையடித்த இடத்திலிருந்து கற்றையாகக் கிளம்பும் துளிர்கள் மேற்பட்டையில் மாத்திரம் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. நாலைந்து வருடத்தில் அவை பழைய உயரத்தைத் தொடும்போது, கீழே அடி உக்கியிருக்கும், மேலே பிடிமானமற்ற கொப்புகள் இருக்கும். முன்னிருந்ததைவிட மோசமான மரத்தை நாமே உருவாக்கியதாகிவிடும்.

பனையும் தென்னையும் கொட்டிலருகே நிற்கலாமா?

பனை வேரோடு சாய்வது அரிது. அதன் ஆபத்து மேலிருந்து வருவது: காவோலை, மட்டை, ஆடி ஆவணியில் விழும் பனம்பழம். முன்பெல்லாம் வேலிக்கும் கூரைக்கும் மாட்டுக்கும் ஓலை தேவைப்பட்டதால் வருடந்தோறும் ஆள் ஏறி ஓலை வெட்டினார்கள். வட்டு, அதாவது ஓலைகள் கிளம்பும் தலைப்பகுதி, எப்போதும் துப்புரவாக இருந்தது. இன்று ஏறுவதற்கு ஆள் கிடைப்பது குறைந்து, காவோலை மரத்திலேயே தொங்குகிறது. கொட்டிலோரப் பனைக்கு வருடம் ஒருமுறையாவது ஆள் பிடித்து ஓலை வெட்டுவிப்பது தறிப்பதைவிட மலிவு. வட்டு இல்லாமல் மொட்டையாக நிற்கும் பனை வேறு விடயம். அது உயிரற்றது, உள்ளே சோறு எனப்படும் மெதுவான நடுப்பகுதி உக்கி ஒருநாள் துண்டு துண்டாக விழும். அதனை அகற்றியே ஆகவேண்டும்.

தென்னை வேர் நாராகப் பரவுமேயன்றிப் பருத்துச் சுவரைத் தூக்காது. ஆனால் தேங்காயும் மட்டையும் சீற்றை உடைக்கும். தண்டில் துளையிருந்து அதிலிருந்து கபிலநிறச் சாறு வடிந்தால் செவ்வண்டு உள்ளே குடைகிறது. அவ்விடத்தில் காது வைத்தால் அரிக்கும் ஓசைகூடக் கேட்பதுண்டு. அப்படியான தென்னை காற்றில் துளையடியில் முறியும்.

தறிப்பதற்கு அனுமதி தேவையா?

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிப்பதை 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சொந்த வளவில் நின்றாலும் அனுமதியின்றித் தறிக்கக் கூடாது. கிராம அலுவலரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பிப்பதே வழி. ஆண்பனையானாலும் வேறு எந்தப் பெருமரமானாலும் அங்கே ஒரு சொல் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. மரத்தை வளவுக்கு வெளியே ஏற்றிச் செல்வதற்கும் தனியாக அனுமதி வேண்டுமா என்பதை அதே வேளையில் கேட்டுக்கொள்ளுங்கள். மரம் ஆபத்தாக நிற்பதைக் காட்டும் படங்களையும் உறுதியின் பிரதியையும் கையோடு கொண்டுபோனால் அலைச்சல் குறையும். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், வளவைப் பார்ப்பவரிடம் எழுத்து மூலமான சம்மதக் கடிதம் இருக்க வேண்டும். அண்ணன் போனில் சொன்னார் என்பது நாளை ஒரு பிணக்கு வந்தால் நிற்காது.

போர்க்காலத்தில் செல் விழுந்த வளவு. மரம் அரிவதில் ஏதும் பிரச்சினை உண்டா?

உண்டு, இதனை அலட்சியப்படுத்தக் கூடாது. மீள்குடியேறிய பல வளவுகளில் பழைய மரங்களின் உள்ளே செல் துண்டும் சன்னமும் பட்டை மூடிக் கிடக்கின்றன. மெசின் வாளின் சங்கிலி அதில் பட்டால் அறுந்து தெறித்து ஆளைத் தாக்கும். பட்டையில் காரணமற்ற புடைப்பும் பழைய தழும்பும் இருந்தால் வெட்டுபவரிடம் முன்கூட்டியே காட்டுங்கள். அறுக்கும்போது மரத்தில் நீலங்கலந்த கருமை படர்ந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது. வாளை நிறுத்த வேண்டும். வேலிக்கரை மரங்களில் விழுங்கப்பட்ட முட்கம்பியும் ஆணியும் இதே ஆபத்தைத் தரும். நீண்டகாலம் ஆளில்லாமல் கிடந்த காணியில் அடிக்கட்டையைத் தோண்டும்போது இனங்காணாத இரும்புப் பொருள் தென்பட்டால் தொடாமல் விலகி, பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவிக்க வேண்டும்.

கிணற்றுக் கட்டிலும் பழஞ்சுவரிலும் ஆலும் அரசும் முளைத்திருக்கின்றன. என்ன செய்வது?

விரலளவாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். மழை பெய்த மறுநாள் இலகுவாக வரும். கையளவு பருத்துவிட்டால் இழுக்கக் கூடாது, கல்லும் சேர்ந்து வரும். தண்டை அடியோடு அறுத்து, வரும் துளிரைக் கிழமைதோறும் கிள்ளி, அது சோர்ந்து செத்தபின் கட்டைச் செப்பனிடுங்கள்.

மோட்டார் அறைக்குப் போகும் வயரை மரத்தில் கட்டியிருக்கிறோம். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று எவராலும் சொல்ல முடியாது. காற்றில் மரம் ஆட, வயரின் உறை உரசித் தேய்கிறது. மாரியில் ஈர மரத்தைத் தொட்டவருக்கு மின் தாக்குகிறது. கம்பம் நட்டோ குழாய்க்குள் புதைத்தோ கொண்டுபோங்கள். வீதியிலிருந்து வரும் மின்கம்பியைத் தொடும் கொப்பை நீங்களோ கூலிக்கு வந்தவரோ வெட்டாதீர்கள். மின்சார சபைக்கு 1987 என்ற இலக்கத்தில் அறிவித்து, இணைப்பை நிறுத்தச் செய்த பின்பே அதில் கை வைக்க வேண்டும்.

அயலவரின் மரம் எங்கள் கொட்டிலுக்கு மேலே நிற்கிறது.

முதலில் ஆபத்து என்ன என்பதை அவரை அழைத்து உங்கள் பக்கத்திலிருந்து காட்டுங்கள். அவருடைய வளவில் நின்று பார்த்தால் அந்தக் கொப்பு தெரியவே தெரியாது. வெட்டுக்கூலியில் பாதியைத் தருவதாகச் சொல்வது பல வேலிச் சண்டைகளைத் தொடங்கும் முன்பே முடித்திருக்கிறது. இணங்காவிட்டால் எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, அதன் பிரதியைக் கிராம அலுவலரிடம் சேர்ப்பியுங்கள். அதன் பின் மத்தியஸ்த சபை இருக்கிறது; 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அச்சபைகள் இத்தகைய பிணக்குகளுக்கே ஏற்றவை. இரவோடிரவாக அவருடைய மரத்தில் ஆணியறைந்தோ பட்டையை உரித்தோ சாகடிப்பது குற்றம் மட்டுமன்று. செத்து நிற்கும் மரம் உயிருள்ள மரத்தைவிட உங்கள் கொட்டிலுக்கே கேடு.

வைரவர் சூலம் வைத்த மரத்தைத் தொடலாமா?

கொப்பு எடுப்பதில் தடையில்லை என்றே பெரியவர்கள் பலரும் சொல்வார்கள். பூசை செய்பவரைக் கேட்டு நாள் பார்த்துச் செய்யுங்கள். வழிபாட்டின் பெயரால் அடிமரத்தைச் சுற்றிச் சீமெந்துக் கட்டுக் கட்டுவதைத்தான் தவிர்க்க வேண்டும். வேரடியில் நீரும் காற்றும் போகாமல், காக்க நினைத்த மரமே பட்டுப்போகிறது.

தறிப்பதென்று முடிவாகிவிட்டது. எதைக் கவனிக்க வேண்டும்?

உயரத்தை அறிய, மூன்றடித் தடியொன்றை வெயிலில் நிறுத்தி, அதன் நிழலும் மூன்றடியாகும் வேளையில் மரத்தின் நிழலை அளவுங்கள். அதுவே மரத்தின் உயரம். அந்த உயரத்தின் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஆளோ மாடோ இருக்கக் கூடாது. கொட்டில் அந்தத் தூரத்துக்குள் இருந்தால் மரத்தை ஒரே வீழ்த்தாக வீழ்த்தாமல், மேலிருந்து துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்கச் செய்ய வேண்டும். அதற்குக் கூலி கூடத்தான் செய்யும். குறைந்த கூலிக்கு வருபவர் கயிறு கொண்டுவந்திருக்கிறாரா என்று பாருங்கள், இல்லையென்றால் அனுப்பிவிடுங்கள். மழைபெய்த மறுநாளும் காற்று நாளும் வேலை வேண்டாம்.

அடிக்கட்டையில் டீசலோ பழைய எண்ணெயோ ஊற்றலாமா?

ஊற்றவே கூடாது. குடாநாட்டில் நாம் குடிப்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரை. மேலே ஊற்றியது கல் வெடிப்பின் வழியே நேராகக் கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது மக்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். கட்டையை நிலமட்டத்துக்கு அறுத்து, சாணமும் ஈரச் சருகும் போட்டு மூடிவிட்டால் சில மாரியில் உக்கிவிடும். உப்புக் கொட்டுவதும் மண்ணைக் கெடுக்கும்.

புயல் அறிவித்தல் வந்துவிட்டது. இப்போது என்ன செய்யலாம்?

மரத்தில் ஏறாதீர்கள், அந்த வேலைக்குரிய காலம் கடந்துவிட்டது. மரத்தடிக் கொட்டிலில் நிற்கும் மாடுகளை, மரத்துக்கும் மின்கம்பிக்கும் விலகிய வெளிக்கு மாற்றுங்கள். வேறு இடமில்லையெனில் கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள், கட்டுண்ட மாடு தப்ப முடியாது. தளர்ந்த தகரங்களுக்குக் கல்லும் கயிறும் போடுங்கள். கிணற்றையும் தொட்டியையும் மூடுங்கள். அவசர நிலையில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 இல் அழைக்கலாம். விழுந்த மரத்தை மறுநாள் அறுக்கும்போது, வளைந்து அழுத்தப்பட்டிருக்கும் கொப்பு அறுபட்டவுடன் விசையோடு எகிறும் என்பதை மனதில் வையுங்கள். உடைந்த அஸ்பெஸ்டாஸ் சீற்றைக் கூட்டி அள்ளுமுன் தண்ணீர் தெளித்து நனைத்து, வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது.

புதிதாகக் கொட்டில் கட்டவும் மரம் நடவும் எவ்வளவு தூரம் விட வேண்டும்?

மா, வேம்பு, புளி, பலா போன்றவற்றுக்குக் கட்டடத்திலிருந்து முப்பதடி விடுவது நல்லது. நாலு பரப்பு (கால் ஏக்கர்) வளவில் அவ்வளவு இடம் எங்கே என்று கேட்பது நியாயமே. அப்படியானால் பெருமரத்தை ஒன்றாகக் குறைத்து, வளவின் தென்மேற்கு மூலையில் நடுங்கள். பின்னேர வெயிலுக்கு நிழல் தரும், வாடையில் விழ நேர்ந்தாலும் கட்டடங்களை விட்டு விலகியே விழும். அந்த மூலைக்கு அப்பால் அயலவரின் வீடு இருந்தால் வேலியிலிருந்தும் அதே தூரத்தை விடுங்கள். கொட்டிலோரத்துக்கு எலுமிச்சை, மாதுளை, கறிவேப்பிலை போன்ற சிறுமரங்கள் போதும். அவற்றுக்குப் பத்தடி தாராளம். ஆல், அரசு, வாகை ஆகியவற்றைக் கிணறும் கட்டடமும் உள்ள வளவுக்குள் நட வேண்டாம். கோயில் வீதியிலும் குளக்கட்டிலும் அவற்றுக்கு இடம் உண்டு.